எல்லாருக்கும் ஒரே ‘இறந்தார்’

அரியலூரில் நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகை ஆபீசுக்கு ஒருநாள் காலை அஞ்சலை என்ற பெண் வந்தார். கையில் எங்கள் பத்திரிகை. எழுபதுகளின் கடைசி அது. நான் புரூஃப் பார்ப்பவன். பக்கத்து மேசையில் உதவி ஆசிரியர் ஜமால், லப்பைக்குடிக்காட்டுக்காரர்.

அஞ்சலையின் அண்ணன் சுண்ணாம்புக்கல் குவாரியில் பாறை சரிந்து இறந்திருந்தார். அந்தச் செய்தியும், ஒரு ரைஸ்மில் முதலாளி இறந்த செய்தியும் ஒரே பக்கத்தில் வந்திருந்தன.

“மில்லுக்காரரு ‘காலமானார்’. எங்கண்ணன் மட்டும் ‘பலியானான்’. அண்ணன் புள்ளைங்க படிச்சுட்டு அழுவுதுங்க. செத்த பொறவும் எதுக்கு சார் ‘ஆனான்’?”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “வேணும்னு யாரும் போடலம்மா. காலங்காலமா அப்படித்தான் எழுதுறது.”

அஞ்சலை பத்திரிகையை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று ஜமால் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. “மௌத்தானவங்கள்ல என்ன சார் பெரியவங்க சின்னவங்க? ஒரு விதி எழுதி வச்சுருவோம். யாரா இருந்தாலும் ‘இறந்தார்’.”

“பெரிய மனுசங்க வூட்ல கோச்சுக்குவாங்கய்யா” என்றார் ஆசிரியர்.

“கோச்சுக்கட்டும் சார். எல்லாருக்கும் இதான் விதின்னு சொல்லலாம்ல?”

ஆசிரியர் சரி என்று சொல்லவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாங்கள் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதிலிருந்து ஒவ்வொன்றாக விதிகள் வளர்ந்தன. பஸ்ஸா பேருந்தா, சிமெண்டா சிமென்டா என்று டீ ஆறிப்போகும்வரை சண்டை போடுவோம். ஆபீசில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான்.

சில மாதம் கழித்து, திருமானூரில் ஆசிரியரின் அப்பா இறந்துபோனார். அந்த ஒரு செய்திக்கு மட்டும் ‘இறந்தார்’ என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. ‘இயற்கை எய்தினார்’ என்று கம்போஸ் செய்யச் சொன்னோம். காரியம் முடித்து மொட்டைத் தலையோடு வந்த ஆசிரியர் புரூஃபைப் பார்த்தார். அதற்குக் கீழேயே குன்னத்தில் லாரி மோதி இறந்த மாட்டுவண்டிக்காரரின் செய்தி. அதில் ‘இறந்தார்’ என்றிருந்தது. பேனாவை எடுத்து மேலே உள்ளதை அடித்தார்.

“அப்பாவுக்கும் அதையே போடுங்க.”

ஜமால் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஜமாலுக்கு துபாய் விசா வந்தது. நாங்கள் முடிக்காமல் விட்ட விவாதம் ஒன்று இருந்தது. சின்னக் குழந்தை இறந்தால் ‘இறந்தார்’ போடலாமா? போடணும் என்பார் அவர். அந்நியமாகத் தெரியும், ‘இறந்தது’ போதும் என்பேன் நான். “வந்து பேசிக்கலாம், போயிட்டு வரேன்” என்று பஸ் ஏறினார். அங்கேயே தங்கிவிட்டார்.

இப்போது எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நடை விதியை எழுதி வையுங்கள். ஆளைப் பார்த்துக் கை தடுமாறும் நாளில் அது உங்களைப் பிடித்து நிறுத்தும். ஆனால் தனியாக எழுதாதீர்கள். ஜமால் போன பிறகு அந்தக் குழந்தை விதியை நானே முடிவு செய்தேன், என் விருப்பப்படியே. மறுத்துப் பேச எதிரே ஆள் இல்லை. அது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.