துக்க வீட்டுக்கு மூன்று டிக்

ரோண்டா லிப்ஷுட்ஸ் இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வாயைச் சுரண்டிச் சம்பாதிப்பவள். ஒமாஹாவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. பல் இடுக்கில் கல்லாய் இறுகிப்போன அழுக்கைக் கொக்கிக் கம்பியால் பெயர்த்தெடுக்க வேண்டும். சீழ், ரத்தம், முந்தின நாள் தின்ற இறைச்சி என்று எதற்கும் அவள் முகம் சுளித்தது கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சமூக மையத்து மாடி அறையில், ஒரு தாளைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு வந்தது.

யூதப் பெண்பிள்ளைகள் குழுவின் நிகழ்ச்சிப் படிவம் அது. நிகழ்ச்சியின் பெயர் என்ற இடத்தில் 'வெக்ஸ்லர் வீட்டு ஷிவா' என்று எழுதியிருந்தது. ஷிவா என்றால் யூதர்கள் சாவு வீட்டில் ஏழு நாள் காக்கும் துக்கம். தொட்ட விழுமியங்கள் என்ற வரிசையில் சகோதரிப் பாசம், சேவை, மரபு ஆகிய மூன்று கட்டங்களிலும் அழகாக டிக். வந்தவர்கள் பதினாலு பேர். அடியில் ஆலோசகர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்த ஆலோசகர் ரோண்டாதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டெம்மா வெக்ஸ்லரின் அம்மா ஐலீன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். டெம்மாவுக்குப் பதினாறு வயது, குழுவில் ஒருத்தி. ஏழு நாள் துக்கம் காத்த அந்த வீட்டுக்கு மூன்றாம் நாள் மாலை பெண்களை இரண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனவளே ரோண்டாதான். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணித்தான் ஏற்றினாள். பதின்மூன்று பேர். அப்படியானால் பதினாலாவது யார் என்று யோசித்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. துக்கத்துக்கு அடையாளமாகக் கிழித்த கறுப்பு ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த டெம்மாவையும் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவைப் பறிகொடுத்தவளையும் 'வந்தவர்கள்' பட்டியலில் போட ஒரு மனம் வேண்டும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மகள் இந்தக் குழுவில் சேர்ந்தபோது, கார் ஓட்ட ஒரு பெரியவர் வேண்டும் என்றார்கள் என்பதற்காக ரோண்டா உள்ளே வந்தாள். பிறகு மகள் டென்வருக்குப் போனாள், புருஷன் அவன் பாட்டுக்குப் போனான், குழு மட்டும் போகவில்லை. சுவரில் ஆறு விழுமியங்களை எழுதிய பலகையின் பெயிண்ட் இரண்டு முறை உரிந்து, இரண்டு முறையும் அவளே பூசினாள். எந்தக் கூட்டம் போட்டாலும் அந்த ஆறில் ஒன்றையாவது தொட வேண்டும். மூன்றைத் தொட்டால் முழு மதிப்பெண். படிவம் வட்டார அலுவலகத்துக்குப் போகும். அங்கே அதைப் பொதுக் கோப்பில் சேர்ப்பார்கள். நாற்பது ஊர்க் கிளைகளும் அதைப் பார்த்து நிகழ்ச்சி நடத்தும். வசந்த கால மாநாட்டில் அதிக மதிப்பெண் வாங்கிய கிளைக்குக் கொடி. ஒமாஹாவுக்குக் கொடி கிடைத்துப் பதினோரு வருஷமாகிறது. இந்த வருஷம் 'மரபில்' ஒரே ஒரு நிகழ்ச்சிதான் குறை, திங்கட்கிழமை கடைசி நாள்.

இந்த டிக் பைத்தியம் எத்தனை கூத்தடிக்கும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. போன வருஷம் 'பட்டினியை உணர்வோம்' என்று ஒரு மாலை நடத்தினார்கள். நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பட்டினி, ஆறரைக்குப் பீட்சா. இன்னொரு முறை வீடில்லாதவர்களுக்கு என்று இருநூறு ஜோடி சாக்ஸ் சேர்த்து, நிறவாரியாக அடுக்கிப் படம் பிடித்தார்கள். படம் ஊரெல்லாம் போனது, சாக்ஸ் அறை மூலையை விட்டு நகரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து ரோண்டாதான் காரில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் படிவங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். ஆனால் சாக்ஸ் வேறு, சாவு வேறு.

தலைவி மார்னி ஷெக்டரைக் கூப்பிட்டாள். பதினேழு வயது, அடுத்த வருஷக் கல்லூரி விண்ணப்பத்தை இப்போதே மனப்பாடமாக வைத்திருப்பவள்.

"என்னடி இது?"

மார்னி எட்டிப் பார்த்தாள். "ஷிவா படிவம். ஏன், தேதி தப்பா?"

"தேதியா? அம்மா செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்து மார்க் கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"நாங்க போனோம்ல ரோண்டா. சும்மா ஒண்ணும் எழுதலையே. துக்கம் விசாரிக்கறது மரபு இல்லையா? நீங்கதான் போன வருஷம் அதுக்குன்னு ஒரு வகுப்பே எடுத்தீங்க."

"விசாரிச்ச லட்சணம்தான் பார்த்தேனே."

"நீங்க சொன்னபடிதான் நடந்துகிட்டோம். துக்கப்படுறவ பேசற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் வழக்கம்னு வண்டியில சொன்னீங்க. நாங்க திறக்கல. சமீரா மில்னர் தும்மல் வந்தப்பக்கூட அடக்கிக்கிட்டா, தெரியுமா?"

அது உண்மைதான். அன்று பெண்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்ததைப் பார்த்து ரோண்டா உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கூட இருந்தாள். அந்த நினைப்பே இப்போது வாய்க்குள் புளித்தது.

"பதினாலுன்னு போட்டிருக்க. டெம்மாவையும் சேர்த்தியா? அவ என்ன பார்ட்டிக்கா வந்திருந்தா?"

மார்னி உதட்டைக் கடித்தாள். "அதை நான் எழுதல ரோண்டா."

"பின்ன?"

"டெம்மாதான் எழுதினா."

ரோண்டா தாளிலிருந்த எழுத்தை மறுபடி பார்த்தாள். டெம்மாதான் இந்த வருஷ நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எந்தக் கூட்டம் நடந்தாலும் படிவம் எழுதுவது அவள் வேலை.

"அவகிட்டப் போய்க் கேட்டீங்களா? அவ அம்மாவோட ஷிவாவுக்கே எழுதிக் குடுன்னு?"

"யாரும் கேக்கல. சத்தியமா. வியாழக்கிழமை அவளாக் கொண்டாந்து குடுத்தா. நான் வாங்கிக்கிட்டேன்." மார்னியின் குரல் தேய்ந்தது. "வாங்கியிருக்கக் கூடாதோ?"

"வாங்கின உடனே கிழிச்சுப் போட்டிருக்கணும்."

கேட்காமலேயே எழுதிக் கொடுக்கும்படி ஒரு பெண்ணைப் பழக்கி வைத்திருக்கிறோமே என்று ரோண்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எது நடந்தாலும் அதைக் கட்டத்துக்குள் அடைத்துத் தரச் சொல்லிக் கொடுத்தது யார்? பத்தொன்பது வருஷமாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் பேனா கொடுத்து உட்கார வைத்தவள் அவள்தானே. தாளை மடித்துக்கொண்டு கீழே சமையலறைக்கு இறங்கினாள். டெம்மாவின் கண் முன்னாலேயே கிழித்துவிட்டு, கொடியும் வேண்டாம் குடையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்பது அவள் முடிவு.

மற்ற பெண்கள் கூடத்தில் பூரிம் பண்டிகைக்கு முகமூடி போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் டெம்மா தனியாக நின்று, பண்டிகைப் பலகாரத்துக்கான மாவை டம்ளர் வாயால் வட்டமாக வெட்டி, நடுவில் கசகசா விழுதை வைத்து மூன்று மூலையாக மடித்துக்கொண்டிருந்தாள். தட்டில் வரிசை பிசகாமல் அறுபது இருக்கும்.

"டெம்மா, இதை நான் கிழிக்கப் போறேன்," என்றாள் ரோண்டா. "உன் அம்மா சாவு ஒரு நிகழ்ச்சி இல்லம்மா. இதையெல்லாம் நீ எழுத வேண்டியதே இல்ல."

டெம்மா நிமிரவில்லை. "முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்ச வரைக்கும் போதும். உன்னையே வந்தவங்கள்ல சேர்த்துருக்க."

"நானும் குழுவுலதானே இருக்கேன். இருந்தேன்ல அங்க?" இன்னொரு வட்டத்தை வெட்டினாள். "பின்பக்கம் படிச்சீங்களா?"

பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. ரோண்டாவும் பல வருஷமாகப் படித்ததில்லை. 'அருமையாக நடந்தது, அடுத்த முறை இன்னும் அருமையாக நடத்துவோம்' என்று எல்லாப் பெண்களும் ஒரே பாட்டைத்தான் எழுதுவார்கள். தாளைத் திருப்பினாள்.

'திட்டமிட்டபடி நடந்தவை: பதின்மூன்று பேரும் நேரத்துக்கு வந்தார்கள். மூன்று பேர் முட்டை சாலட் கொண்டுவந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை.

நடக்காதவை: யாரும் என்னிடம் பேசவில்லை. துக்கப்படுகிறவள் பேசின பிறகுதான் மற்றவர்கள் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதாம். அது எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. அவர்கள் பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன். நான் பேசுவேன் என்று அவர்கள் காத்திருந்தார்கள். நாற்பது நிமிஷம். அதற்கப்புறம் மாநாட்டுக்கு யார் என்ன உடை போடுவது என்று அவர்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஆலோசகர் காபிப் பாத்திரத்தை நாலு தடவை நிரப்பினார்.

அடுத்து நடத்துகிறவர்களுக்கு: அந்த வழக்கத்தை அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள். அவளுக்கு முதல் வார்த்தை வரவில்லை என்றால் ரொம்ப நேரம் காத்திருக்காதீர்கள். அவளுடைய அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். அன்று வந்தவர்களில் யாரும் சொல்லவில்லை.'

ரோண்டா இரண்டாம் தடவை படிக்கவில்லை. அவசியமும் இல்லை. பதின்மூன்று பேருக்கு அவ்வளவு பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, சொல்ல வேண்டிய அந்த ஒருத்தியிடம், போன வருஷ வகுப்புக்கு வராதவளிடம், சொல்லத் தோன்றவில்லை. அதுகூடப் போகட்டும். பன்னிரண்டு வருஷம் ஐலீனின் பல்லைச் சுத்தம் செய்தவள் அவள். அந்த வாயில் எங்கே கூச்சம், எந்தக் கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு, மருந்து ஏற்றத் தொடங்கியபின் ஈறு எப்படி வெளுத்தது என்று அத்தனையும் தெரியும். அந்தக் கூடத்தில் ஐலீனைப் பற்றிப் பேச அவளிடம்தான் அதிகம் இருந்தது. வழக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, நிறைந்திருந்த பாத்திரத்தையே திரும்பத் திரும்ப நிரப்பினாள். மாடியில் வந்த குமட்டல் பிள்ளைகளைப் பார்த்து வந்தது. இப்போது வந்ததற்கு வேறு யாரையும் கைகாட்ட முடியவில்லை.

"கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?" என்றாள் டெம்மா.

"இதுக்கு மார்க் வேணுமாடி உனக்கு?"

"மார்க்கு மார்னிக்கு. பின்பக்கம்தான் எனக்கு. கோப்புல சேர்த்துட்டா நாப்பது ஊர்ல படிப்பாங்க. அங்கயும் எவளுக்காவது அம்மா சாகத்தானே செய்வாங்க."

ரோண்டா பாத்திரம் கழுவும் மேடையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டால் இனி எந்த வாயையும் திறக்கச் சொல்ல அவளுக்கு யோக்கியதை கிடையாது.

"ஐலீன் கடைசியா செப்டம்பர்ல வந்தா," என்றாள். "அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் நாற்காலியை விட்டு இறங்கினதும் நேரா மேஜைக்கு வந்து, மார்ச்சுல எனக்கு ஒரு தேதி குறி, காலைல முதல் ஆளாக் குறின்னு நின்னா. குறிச்சேன். மார்ச் ஒம்பது, எட்டு மணி."

டெம்மாவின் கை நின்றது. "அது இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டிருக்கலாம்.

"இல்ல. அடக்கம் முடிஞ்ச மறுநாள் காலைல அழிச்சுட்டேன். வேறொருத்தருக்குக் குடுத்தாச்சு."

"மறுநாளேவா?"

"மறுநாளே. எட்டேகாலுக்குள்ள."

டெம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு மாவு அப்பின புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அம்மா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாங்க," என்று சிரிக்கத் தொடங்கினாள்.

"பண்ணியிருப்பா. ஐலீன் லேசுல விடமாட்டா."

சிரிப்பு பாதியில் உடைந்தது. டெம்மா மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரோண்டா என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றாள். கூடத்துச் சிரிப்புச் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மா வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் டெம்மா.