வாசலில் நின்ற டிராக்டர்

“ஆனி, செவ்வாய். 9.10: டிராக்டர் வாசலில். 11.50: இன்னும் வாசலில். பிழை என்னுடையது.” என் குறிப்பேட்டில் அந்தக் காலைக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

சித்தூரை ஒட்டிய ஒரு மாங்கூழ் ஆலைக்கு, வரும் வண்டிகளை வரிசைப்படி உள்ளே அழைக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்திருந்தேன். சோதனை முடிந்து அன்றுதான் அது முதன்முதலாக ஓடியது. திருப்பதியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்த தூக்கம் கண்ணில் இருந்தது. வாசலறைத் திரையில் வண்டி எண்கள் ஒவ்வொன்றாக மேலேறி மறைந்தன. பழுத்த மாம்பழத்தின் வாசனை வெயிலோடு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வெளியே லாரிகளுக்கு அடியில் டிரைவர்கள் தூங்கினார்கள். எல்லாம் தானாக நடப்பதுபோல் இருந்தது.

ஜன்னலருகே ஒரு பெண்மணி வந்து நின்றார். கங்காதர நெல்லூர்ப் பக்கத்து விவசாயி.

“இன்னா சார், பின்னால வந்த லாரியெல்லாம் உள்ள போய்க்கினே கீது. எங்கள்து மட்டும் வெயில்ல நின்னுக்கினு கீது. வருசத்துக்கு இந்த ஒரு லோடுதான். அடிப் பழம் வெந்துபோச்சுனா எடுப்பாங்களா?”

“நம்பரு ராலேதும்மா,” என்றார் வாட்ச்மேன். “நம்பரு வராம நான் எப்டி உடறது?”

“ஏன், கம்ப்யூட்டருக்கு டிராக்டர்னா வண்டி இல்லியா? ரெண்டு மாங்கா துன்னக் குடு, கண்ணு தெரியும்.”

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். எனக்குத் தூக்கம் கலைந்தது.

புரோகிராமில் வருவதெல்லாம் ‘வண்டி’. அதில் லாரி ஒரு வகை, டிராக்டர் ஒரு வகை. லாரிக்கு ஆறு சக்கரமா பத்துச் சக்கரமா என்று கேட்பதற்காக, ஒவ்வொரு வண்டியையும் லாரியாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அதட்டல்: லாரி இல்லையென்றால் புரோகிராம் அலறி நின்றுவிடும். மற்றது மென்மையானது: லாரி இல்லையென்றால் சத்தமில்லாமல் வெறுங்கையை நீட்டும். நான் மென்மையானதைத் தேர்ந்தெடுத்து, கை வெறுமையாக இருந்தால் அடுத்த வண்டிக்குப் போ என்றும் எழுதியிருந்தேன். சோதனை நாட்களில் வந்தவை எல்லாம் லாரிகள். இதுதான் முதல் டிராக்டர். அலறல் இல்லாத அந்த அமைதி, எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்குள்தான் அந்தப் பெண்மணி ஏறக்குறைய மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்.

திருத்தினேன். முதலில் ‘நீ லாரியா?’ என்று கேள். ஆமென்றால் மட்டும் சக்கரம் கேள். இல்லையென்றாலும் வண்டிதான், கூப்பிடு.

12.20க்கு எண் திரையில் ஏறியது. அந்தப் பெண்மணி லோடு மேலிருந்த தார்ப்பாயைத் தூக்கி, கையை ஆழமாக விட்டு ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார். பழத்தை உள்ளேயே வைத்து மூடினார். டிராக்டர் புழுதிக்குள் மெல்ல நகர்ந்து கரைந்தது.

தரம் பார்க்கும் இடம் ஆலையின் மறுபக்கம். நான் அங்கே போகவில்லை. முழு லோடையும் எடுத்துக்கொண்டார்களா, அடிப் பழத்தைக் கழித்தார்களா என்பதை இன்றுவரை நான் உறுதி செய்யவில்லை.