அக்காவுக்குக் காட்டிய பாதை

1. ஞாயிறு காலை அக்கா முதன்முறையாக என்னோடு சைக்கிள் ஓட வந்தாள்.
2. பழைய ரயில் பாலத்தில், மூச்சு வாங்குகிறது என்று என்னை நிறுத்தினாள்.
3. அங்கே ஓர் அன்ரியும் அவருடைய மகனும் சைக்கிள் இல்லாமல் நின்றார்கள்.
4. அது என்னைப் பெண் பார்க்கும் சந்திப்பு என்பது அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

பெண் பார்ப்பதைக் கோயிலிலோ கடைகள் நிறைந்த மோலிலோ தற்செயல் போல நடத்துவது எங்கள் வீடுகளில் வழக்கம். அதனாலேயே இரண்டு இடத்துக்கும் போவதைக் குறைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் நிறைந்த மோர்னிங்சைட்டில் கடைக்குப் போனாலும் யாராவது என் கலியாணத்தைப் பற்றி விசாரிப்பார்கள். தண்டவாளம் கழற்றிய இந்தப் பாதை மரங்களுக்கு நடுவே போகிறது. கார் வராது, தெரிந்தவர்களும் வரமாட்டார்கள். அங்கேதான் எனக்கு நிம்மதி என்று அக்காவிடம் மட்டுமே சொல்லியிருந்தேன்.

“ஹெல்மெட்டை ஒருக்காக் கழட்டுங்கோ பிள்ளை, முகத்தைப் பார்ப்பம்,” என்றார் அன்ரி. மகன் தன் சப்பாத்தில் ஒட்டிய சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கழற்றவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு மிதித்தேன்.

அக்கா பின்னால் கத்திக்கொண்டே வந்தாள். “நில்லடி! சொல்லியிருந்தா நீ வந்திருப்பியே?”

“வந்திருக்க மாட்டன். அது தெரிஞ்சுதானே சொல்லேல்லை?”



அக்காவோடு இப்போதும் கதைக்கிறேன். நான் இருக்கும் இடம் அவளுடைய போனில் தெரிவதை நிறுத்திவிட்டேன். ஞாயிறுகளில் வேறொரு பாதையில் தனியே ஓடுகிறேன். எந்தப் பாதை என்று அவள் கேட்கிறாள், நான் சொல்வதில்லை.