முக்கால் மலை

குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் எனக்கு மலையேறுகிறவர் என்று பெயர். வாரக் கடைசியில் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது, இஸ்திரி போடுகிறவர் முதல் மருந்துக் கடைக்காரர் வரை "இந்த வாரம் எந்த மலை சார்?" என்று கேட்பார்கள். சொல்லிவிட்டுப் போவேன். திங்கட்கிழமை யாரும் பிடித்து நிறுத்தி, உச்சியில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. அந்த மட்டில் என் மானம் தப்பியது.

உண்மையைச் சொன்னால், இந்த நாட்டில் நான் கால் வைக்காத மலைத்தொடர் குறைவு. நான் உச்சியைப் பார்த்த மலைகளோ அதைவிடக் குறைவு. எங்கள் மலையேற்றக் குழுவில் நான் கடைசி ஆள். முன்னால் ஒருவர் வழிகாட்டிக்கொண்டு போவார். எல்லோருக்கும் பின்னால் ஒருவர், யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு வருவார். இந்தப் பின்னால் வருகிறவருக்கு ஆங்கிலத்தில் ஸ்வீப் என்று பெயர். கூட்டிப் பெருக்கிக்கொண்டு வருகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு விதி ஒன்றுதான். முடியாமல் யாராவது உட்கார்ந்துவிட்டால் அவரோடு இவரும் உட்கார வேண்டும்; அவர் இறங்கினால் இவரும் இறங்க வேண்டும்.

இமாச்சலத்தில், பனி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஓர் ஆள் தலைசுற்றி வாந்தி எடுத்தார். அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினேன். கர்நாடகத்துப் பக்கம் ஒரு மலையில் ஒருவருடைய ஷூ வாயைப் பிளந்துகொண்டது. இறங்கினேன். ஜவ்வாது மலையில் ஒரு சிகரம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அடுத்த ஞாயிறே கூட்டம் கூடிவிடும், வேண்டாம். அங்கே மட்டும் மூன்று முறை திரும்பியிருக்கிறேன். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வழுக்குப் பாறை. மூன்று முறையும் அதன் அடியில் யாராவது ஒருவர் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது முறை வீடு திரும்பியபோது என் மனைவி காபியைக் கொடுத்துவிட்டு, "அரைக் கிணறு தாண்டறவங்களக் கேள்விப்பட்டிருக்கேன். முக்கால் மலை ஏறறவர இப்பதான் பாக்கறேன்" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்று இருந்தது.

இந்த வருடம் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு. குரோம்பேட்டை ஸ்டேஷனில் ஏறி, கோட்டை வரை நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பி வந்த உடம்பு இது. இப்போதெல்லாம் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே பாதி நாள் உழைத்த அலுப்பு இருக்கிறது. குழுவில் சொல்லிவிட்டேன், இந்தக் கடைசி ஆள் வேலைக்கும் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் சும்மா விடவில்லை. விடைபெறும் முன் அந்த ஜவ்வாது மலை உச்சியில் என்னை நிறுத்தியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார்கள். முன்னால் நடக்கும் தம்பி, முப்பத்தைந்து வயதுக்காரர், ஜி.எஸ்.டி. ரோட்டில் கேக் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். பாதியில் உட்காருகிற ஆள் யாரையும் இந்த முறை சேர்க்கவில்லை என்று என் காதில் ரகசியமாகச் சொன்னார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு முறை அந்தப் பாறைக்கு மேலே நின்றுவிட வேண்டும். வீட்டுக்கு வந்து அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சேர்த்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது. குரோம்பேட்டையில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போய்விட்டு, சாயங்காலம் பச்சைமலையில் எங்களோடு பயிற்சிக்கு வருவார். பச்சைமலையில் விறுவிறுவென்றுதான் நடந்தார். ஆனால் அது நம் ஊர்க் குன்று. அதில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஜவ்வாது மலை ஏறிவிடுவார்கள் என்று சொல்ல முடியுமா?

நான் பயந்தபடியே ஆயிற்று. விடிந்ததும் நடக்கத் தொடங்கினோம். முதல் மேட்டிலேயே டீச்சர் பின்தங்கிவிட்டார். மற்றவர்கள் மரங்களுக்குள் மறைந்தார்கள். அவரும் நானும் மிஞ்சினோம். ஒரு ஊற்றைத் தாண்டியதும் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு மரத்தைக் காட்டி, இது கடுக்காயா தான்றிக்காயா என்று கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு எப்படித் தெரியும், நான் கணக்குப் பிரிவில் இருந்தவன். இன்னும் கொஞ்ச தூரத்தில், வெயில் ஏறுவதற்குள் ஒரு ஆரஞ்சு சாப்பிட்டுவிடலாம் என்றார். பாதிச் சுளைகளை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், மனசுக்குள் கறுவிக்கொண்டே. ஆளைத் தேர்ந்தெடுத்த லட்சணத்தைப் பார், ஆரஞ்சு உரிப்பதற்கா மலைக்கு வந்தோம் என்று தம்பியையும் சேர்த்துத் திட்டினேன்.

தொடை நடுங்கியது. நெஞ்சுக்குள் யாரோ துணி துவைப்பதுபோல அடித்துக்கொண்டது. அவர் நின்றபோதெல்லாம் நானும் நின்றேன். நிற்பது சுகமாக இருந்தது. அதை மட்டும் அப்போது நான் கண்டுகொள்ளவில்லை. கோபமாக இருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழுக்குப் பாறை வந்தது. மேலே பேச்சும் சிரிப்பும் கேட்டன. கூப்பிடு தூரம்தான். டீச்சர் பையை இறக்கி வைத்துவிட்டு, பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. நான்காவது முறையும் இதே இடமா? விதியைச் சொல்லி வாயை மூடிக்கொண்டு இறங்குகிற பொறுமை என்னிடம் மிச்சம் இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தான், கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்தார்.

"நான் வந்துடுவேன் சார். உங்களுக்கு முடியுதா?"

எனக்கென்ன, எத்தனை வருஷமாக மலை ஏறுகிறேன் என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"ஆயுசு பூரா கிளாஸ்ல நின்னவ சார் நான். யாருக்கு நெஜமா வயித்து வலின்னு மூஞ்சியப் பாத்தா தெரியும். அந்த மொத மேட்டுலயே உங்க மூச்சு சரியில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "நான் நின்னாத்தான நீங்க நிப்பீங்க."

முதலில் வந்தது கோபம்தான். என்னைப் பார்த்துக்கொள்ள இவர் யார்? எல்லோரையும் பார்த்துக்கொள்கிறவன் நான் அல்லவா? அந்தக் கோபமும் நிற்க வலுவில்லாமல் உட்கார்ந்துவிட்டது. நானும் உட்கார்ந்தேன். வாந்தி எடுத்தவர், ஷூ கிழிந்தவர், இதே பாறையடியில் உட்கார்ந்த மூவர், எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் "முடியல" என்று சொன்னபோதெல்லாம் என் உடம்புக்குள் ஒன்று தளர்ந்து இளகியதும் நினைவுக்கு வந்தது. அதற்கு நான் கடமை என்று பெயர் வைத்திருந்தேன். அது வெறும் நிம்மதி. அவர்களைவிட நான் களைத்திருந்தேன். பின்னால் வருகிறவனின் முகத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மலையில் மட்டும்தானா என்று யோசித்தேன். மேலே யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

எங்கள் பேச்சு நின்றதைக் கவனித்தோ என்னவோ, மேலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அண்ணா, யாருக்கு முடியல?"

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்காக ஒரு பொய் சொல்வதற்கு அவர் வாயைத் திறந்துவிட்டார். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"எனக்கு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன்.

"எனக்குத்தான்பா முடியல."

"சரிண்ணா, அங்கயே உக்காருங்க. நான் எறங்கி வரேன்" என்றார் தம்பி.

"அவர்தான் வர்றாரே. அப்ப நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன் சார்" என்று டீச்சர் எழுந்தார். துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டார். பச்சைமலையில் பார்த்த அதே நடை. வழுக்குப் பாறையில் எங்கே பிடிக்க வேண்டும் என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கிடுகிடுவென்று ஏறி மறைந்துவிட்டார்.

நான் ஷூவைக் கழற்றினேன். முதுகைப் பாறையில் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டேன். நான் பார்த்துக்கொள்ள முன்னால் யாரும் இல்லை.