முழங்காலை ஒட்டிக் குதித்தவர்கள்

'டக்' என்று ஒரு சத்தம். காய்ந்த கொப்பு முறிந்தது போல. எங்கள் வலைப்பந்து அணியின் ஷூட்டர் பந்தை அணைத்தபடி தரையில் கிடந்தாள். அவளை யாரும் தள்ளவில்லை. பக்கத்தில் ஒருத்தியுமே இல்லை. துள்ளிப் பந்தைப் பிடித்து இறங்கினாள், அவ்வளவுதான்.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். வன்னியில், விசுவமடுவில் எங்கள் பள்ளிக்கூட அணிக்கு நான் தலைவி. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் அது. அந்த அணியில் இடம் பிடிப்பதைத் தவிர எங்கள் ஷூட்டருக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு, வெளிநாட்டில் இயன்மருத்துவம் படித்த ஓர் அக்கா விடுமுறையில் வந்திருந்தா. எங்களை வகுப்பறை வாங்கில் மேலிருந்து குதிக்கச் சொல்லிப் பார்த்தா.

"எல்லாருக்கும் முழங்கால் உள்ளுக்கு மடியுது பிள்ளையள். இப்பிடியே குதிச்சால் ஒரு நாளைக்குச் சவ்வு அறும். முழங்கால் பாதத்துக்கு நேர நிக்கோணும். கதிரையில இருக்கிற மாதிரிப் பதிஞ்சு இறங்குங்கோ."

ஒற்றைக் காலில் நிற்பது, சத்தமில்லாமல் இறங்குவது என்று இரண்டு கிழமை பழக்கிவிட்டுப் போனா.

எங்கள் மைதானம் றோட்டோரம். நாங்கள் முழங்காலை அகட்டிப் பதிந்து இறங்க, சைக்கிளில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருநாள் விசிலும் அடித்தார்கள். பெண்பிள்ளை என்றால் இருந்தாலும் நின்றாலும் முழங்கால் ஒட்டியிருக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசிலடித்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் மீதுதான் பாய்ந்தேன்.

"நிப்பாட்டுங்கோ இந்தக் கூத்தை! ஒட்டிக் குதியுங்கோ, பாவாடை பறக்குது. அந்த அக்கான்ர ஊரில காத்தே அடிக்கிறேல்லைப் போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஷூட்டர் மட்டும் கேட்டாள்: "அப்ப முழங்கால்?"

"உன்ர முழங்கால் என்ன கண்ணாடியே?"

அவளும் சிரித்துவிட்டாள். அன்றோடு அந்தப் பயிற்சி நின்றது.

ஆட்டத்தில் விழுந்தவளைப் பார்த்த டொக்டர், சவ்வு அறுந்துவிட்டது, இனி விளையாட முடியாது என்றார்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். திட்டட்டும், வாங்கிக்கட்டிக்கொள்வோம் என்றுதான் போனேன். வீங்கிய காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"ஒட்டித்தான் குதிச்சனான் அக்கா," என்றாள். "விழேக்க பாவாடை பறக்கேல்லைத்தானே?"

"இல்லை," என்றேன்.