பதினேழாம் நம்பர்

பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நான் பதினேழாம் நம்பர். தைத்து வரும் பனியனைப் பிரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ இல்லையென்றால் பதினேழு என்று அச்சடித்த சின்ன ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவேன். பீஸ் திரும்பி வந்தால் அந்த நம்பர்க்காரிதான் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில், பக்கத்து டேபிள் அக்கா கேட்டாரே என்று என் ஸ்டிக்கர் கொஞ்சம் கொடுத்தேன். அவர் பார்த்த பீஸெல்லாம் ஓட்டையோடு திரும்பி வந்தன. திட்டு எனக்கு, சம்பளப் பிடித்தமும் எனக்கு.

என் வீட்டுக்காரர் வேலம்பாளையத்தில் நான்கு மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆர்டர் நின்றதும் எல்லாவற்றையும் விற்று மூடினார். மெஷின் போட வாங்கிய கடன் மட்டும் அப்படியே இருந்தது. பைனான்ஸ்காரர் ஒரு சனிக்கிழமை, சம்பள நாளாகப் பார்த்து, எங்கள் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை, மகராசன்.

"ஏனுங்க, அவரு வாங்குனா நீங்க குடுக்கறதுதானுங்க முறை. முடியலீன்னா ஊட்டுல இருக்கற மெஷினக் குடுத்துருங்க. இல்லீன்னா இந்தப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, மெதுவாக் கட்டிக்கலாம்."

அந்தத் தையல் மெஷின் என் பி.எப். பணத்தில், என் பேரில் பில் போட்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் தைத்துத்தான் மகளின் காலேஜ் செலவைச் சமாளிக்கிறேன். சம்பளம் வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு, கோர்ட்டில் இலவசமாகச் சட்டம் சொல்லும் வக்கீலம்மாவைப் பார்த்தேன்.

"கடன் வாங்கறப்ப நீங்க கையெழுத்துப் போட்டீங்களா? ஜாமீன் நின்னீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அது உங்க கடன் இல்லீங்க. சம்சாரம்ங்கறதுக்காக உங்ககிட்டக் கேக்க முடியாது. உங்க மெஷினையும் தொடக்கூடாது. இனிமே கையெழுத்துப் போட்டீங்கன்னாத்தான் சிக்கல்."

வீட்டுக்கு வந்தால், பைனான்ஸ்காரர் பத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பேனாவை நீட்டியது என் வீட்டுக்காரர்.

"போட்டுரு புள்ள. மானம் போகுது."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இருபது வருஷம் சேர்ந்து சோறு தின்ற மனுஷன், கடன் வாங்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

"நான் பாக்காத பீஸுல என் நம்பர ஒட்ட மாட்டனுங்க."

பைனான்ஸ்காரரும் திருப்பூர்க்காரர்தானே, விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் பத்திரத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்தார்.

தவணையை அவரே கட்டுகிறார். சாயங்காலம் வந்ததும் என் மெஷினில் உட்கார்ந்து வெளிவேலையும் தைக்கிறார். தையல் விட்ட பீஸை நான் திருப்பிப் போடுகிறேன். முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைக்கிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும், கேட்காமலேயே மெஷின் வாடகையை எடுத்து என் கையில் வைத்துவிடுகிறார்.