பை வைத்த கவுன்கள்

குருவம்மாள் டீச்சர் எங்கள் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்தது 1969 முதல் 1987 வரை. நாங்கள் தைத்ததைக் கையில் வாங்கியதும் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். அறுந்தால் அறுந்ததுதான், மறுபடி முதலிலிருந்து தைக்க வேண்டும். நல்லா இருக்கு என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. அவர்மேல் எனக்கு அப்போது பிரியம் எதுவும் கிடையாது. பயம் நிறைய இருந்தது.

சனிக்கிழமை தோறும் தையல் சங்கம் கூடும். கடைவீதி ஜவுளிக்கடைகளில் மிச்சத் துணி கேட்டு வாங்கி, மலையில் ஏலத்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைப்போம். தீபாவளிக்கு முன்னால் அது ஜீப்பில் ஏறிப் போகும். போடியில் பாதிக் குடும்பம் ஏலக்காயை நம்பித்தான் சாப்பிட்டது. ஆனால் காய் எடுக்கிற இடத்தை எங்களில் ஒருத்திகூடப் பார்த்ததில்லை.

1978இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருஷம் இருபத்திரண்டு கவுன் தைத்தோம். ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒரு பை வைக்கலாம் என்று சொன்னது நான்.

"பை எதுக்குடி? துணிக்குக் கேடு," என்றார் டீச்சர்.

"முட்டாய் வச்சுக்கிருவாக, டீச்சர்."

டீச்சர் கவுனை விரித்துப் பார்த்தார். "சரி. வாயை நல்லா அகலமா வை. சின்னக் கை போயிட்டு வரணும்ல."

தீபாவளி கழிந்து மூன்றாவது வாரம் ஜீப் டிரைவர் ராக்கையா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "டீச்சர், நீங்க குடுத்த கவுனால ஒரு பொம்பளைக்குச் சோலி போச்சு," என்றார்.

விஷயம் இதுதான். தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்கள் சாயங்காலம் வரிசையில் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்குப் போக முடியும். காய் திருட்டுப் போகக்கூடாது என்று அப்படி. அதனாலேயே அங்கே பெரியவர்களும் சரி, பிள்ளைகளும் சரி, பை வைத்த உடுப்பே போடுவதில்லை. மொக்கம்மாள் என்கிற பெண்ணோடு காட்டுக்குப் போன அவள் மகள் சுப்புத்தாய், ஆறு வயதுக்காரி, கீழே கிடந்த ஏழு பச்சைக் காயைப் பொறுக்கிப் பையில் போட்டிருக்கிறாள். கங்காணி பார்த்துவிட்டார். மகளை வைத்துத் திருடுகிறாள் என்று மொக்கம்மாளுக்குச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள், வியாழக்கிழமை, டீச்சர் லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். என்னைக் காட்டிக் கொடுக்கத்தான் கூட்டிப் போகிறார் என்று நினைத்தேன். போடிமெட்டு ஏறுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மலைப்பாதையைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்.

கங்காணி சுடலை, காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். டீச்சர் உட்காரவில்லை.

"பை வச்சது நான்தாங்க. உங்க தோட்டத்து வழக்கம் எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்னோடது. அந்தப் பொம்பளையை விட்ருங்க."

நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு வெட்கம்.

சுடலை கெட்டவர் இல்லை. "நான் சும்மா விட்டா நாளைக்கு என் சீட்டுக் கிழியும், டீச்சரம்மா. எல்லாக் கவுன்லயும் பையை எடுத்துக் குடுத்திட்டுப் போங்க. மேனேஜர்கிட்டப் பேசி அவளைச் சேத்துக்கிறேன்."

பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் கவுனைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். டீச்சர் ஒரு சாக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாகத் தையலைப் பிரித்தார். உள்ளே இருந்ததை முதலில் எடுத்து அந்தந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார். பலப்பத் துண்டு, புளியங்கொட்டை, ஒரு பஸ் டிக்கெட். ஒன்றிலும் ஏலக்காய் இல்லை.

கடைசியாக சுப்புத்தாய் வந்தாள். பைக்குள் விட்ட கையை எடுக்கவே இல்லை.

"கையை எடு, ஆத்தா," என்றாள் மொக்கம்மாள்.

எடுத்து விரித்துக் காட்டினாள். வெறுங்கை. "இனிமே ஒண்ணுமே வைக்க மாட்டேன், டீச்சர். அப்பவும் எடுக்கணுமா?"

"ஆமா, தாயி," என்று சொல்லிவிட்டு டீச்சர் பிரித்தார். மொக்கம்மாள் இரண்டு கையையும் எடுத்து அவரைக் கும்பிட்டாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

இறங்கி வரும்போது, "நான்தானே டீச்சர் சொன்னேன்," என்றேன்.

"சொன்னது நீ. சரின்னது நான்."

அடுத்த வாரம் ராக்கையா வந்து, மொக்கம்மாள் சனிக்கிழமையே காய் எடுக்கப் போய்விட்டாள் என்றார். டீச்சர் தலையை ஆட்டினார். பிள்ளை கவுனைப் போட்டுக்கொள்கிறாளா என்று கேட்டார். அம்மா எவ்வளவு சொல்லியும் போட மாட்டேன் என்கிறாளாம்.